மோகன் குமாரமங்கலமும் கிழிந்த சட்டையும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

சேலம் அம்மாபேட்டையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் வாசகர் வட்டத்தில் அடுத்த மாதம் ‘எளிமையின் சிகரங்கள்’ என்ற தலைப்பில் கம்யூனிஸ்ட் தலைவர்களைப் பற்றி ஒரு கூட்டம் நடத்துகிறோம். ஜீவா, நல்லகண்ணு, சங்கரய்யா மூவரைப் பற்றியும் பேச ஆட்கள் கிடைத்துவிட்டார்கள். நம் பழைய சேலம் மாவட்டத்தைச் சேர்ந்த ஒருவரும் இருக்கட்டும் என்று நான் மோகன் குமாரமங்கலத்தின் பெயரைச் சொன்னேன். அது பெரிய சண்டையாகிவிட்டது. ஜமீன்தார் மகன், லண்டனில் பிறந்து ஈட்டனில் படித்தவர், கடைசியில் காங்கிரஸில் சேர்ந்து மத்திய அமைச்சராகி விமான விபத்தில் இறந்தவர், அவரை ஜீவாவுக்குப் பக்கத்தில் உட்காரவைப்பதா என்று மூத்த நண்பர் ஒருவர் கோபப்பட்டார். அவருடைய மகன் பிற்காலத்தில் பாஜகவில் சேர்ந்ததையும் சொல்லிக்காட்டினார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. மோகன் குமாரமங்கலத்தை உண்மையான கம்யூனிஸ்ட் என்று சொல்லலாமா? எங்கள் பட்டியலில் சேர்க்கலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உடனே பதில் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் மோகன் குமாரமங்கலம்கூட இல்லை, உங்கள் கூட்டத்தின் தலைப்பு. கொஞ்ச காலமாகவே இந்த எளிமைப் பேச்சு என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது. பஸ் நிறுத்தத்தில் நிற்கும் முன்னாள் சட்டமன்ற உறுப்பினர், ஓட்டு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் முதிய தலைவர் என்று ஏதாவது ஒரு படம் கைப்பேசிக்கு வந்துகொண்டே இருக்கிறது. கீழே நூறு பேர் கைகூப்பியிருக்கிறார்கள். அந்த நூறு பேரில் ஒருவராவது அந்த மனிதர் எதற்காக வாழ்நாளெல்லாம் போராடினார் என்று கேட்டிருக்கிறாரா? நான் பார்த்தவரையில் இல்லை.

முதலில் உங்கள் நண்பரின் சில்லறைக் குற்றச்சாட்டுகளை ஒதுக்கிவிடுகிறேன்.

மகன் விஷயம். ரங்கராஜன் குமாரமங்கலம் காங்கிரஸ் வேட்பாளராகச் சேலத்தில் மூன்று முறை வென்றார், பிறகு பாஜக சார்பில் திருச்சியில் வென்று வாஜ்பாய் அமைச்சரவையில் மின்துறையைக் கவனித்தார். எல்லாம் உண்மை. அப்பா இறந்தபோது அவருக்கு வயது 21. செத்துப்போன மனிதரிடம் மகனின் கட்சியைக் காட்டிக் கணக்குக் கேட்பது என்ன நியாயம்? அப்படியானால் மோகனின் தந்தை டாக்டர் சுப்பராயனுக்கு மாலை போட வேண்டியிருக்கும். திருச்செங்கோட்டுப் பக்கத்துக் குமாரமங்கலம் ஜமீன்தார், 1926 முதல் 1930 வரை சென்னை மாகாண முதலமைச்சர், சுதந்திரத்தை ஒட்டிய காலத்தில் மாகாணத்தின் போலீஸ் இலாகாவையே கையில் வைத்திருந்தவர். அவர் வீட்டிலிருந்து மகன் மோகன், மகள் பார்வதி என்று இரண்டு பேர் கம்யூனிஸ்ட் கட்சிக்குப் போனார்கள். அந்தப் பெருமையையும் அப்பாவின் கணக்கில் எழுத உங்கள் நண்பர் சம்மதிப்பாரா?

ஈட்டன் படிப்பு. அந்தத் தலைமுறையில் ஜோதி பாசு உட்பட எத்தனையோ பேர் இங்கிலாந்தில் படித்துக் கம்யூனிஸ்டுகளாகத் திரும்பி வந்தார்கள். மோகன் கேம்பிரிட்ஜ் மாணவர் மன்றத்தின் தலைவராக இருந்தவர், பாரிஸ்டர் பட்டம் பெற்றவர். ஊர் திரும்பியதும் வக்கீல் கோட்டை மாட்டிக்கொண்டு சம்பாதிக்க உட்கார்ந்திருக்கலாம். கட்சி வேலைக்குப் போனார், பி. ராமமூர்த்தி உள்ளிட்டவர்களோடு சென்னைச் சதி வழக்கில் சிறைக்குப் போனார். இதற்கு மேல் அதைப் பேச வேண்டாம்.

விமானம். இதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. 1973 மே 31 அன்று டெல்லி பாலம் விமான நிலையத்துக்கு அருகே விழுந்த அந்த விமானத்தில் இறந்தவர் மோகன் மட்டும்தானா? கோவையின் மக்களவை உறுப்பினர் கே. பாலதண்டாயுதமும் அதே விமானத்தில்தான் இறந்தார். கடைசி மூச்சுவரை இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சிக்காரர். அவரையும் ‘விமானத்தில் போனவர்’ என்று உங்கள் நண்பர் தள்ளிவைப்பாரா? பாலதண்டாயுதம் இறந்ததால் காலியான கோவைத் தொகுதியில் 1974 இடைத்தேர்தலில் நின்று வென்றவர் யார் தெரியுமா? அதே விமானத்தில் அண்ணனைப் பறிகொடுத்த பார்வதி கிருஷ்ணன். ஒரு குடும்பத்தின் துக்கமும் ஒரு கட்சியின் துக்கமும் இப்படிப் பின்னிக்கிடக்கும் இடத்தில் நின்றுகொண்டு டிக்கெட் விலையைப் பற்றிப் பேசுகிறீர்கள்.

சரி, உங்கள் தலைப்புக்கு வருகிறேன்.

ஜீவாவைப் பற்றி உங்கள் கூட்டத்தில் என்ன பேசப்போகிறார்கள் என்று இப்போதே என்னால் சொல்லிவிட முடியும். தாம்பரம் குடிசை வரும், காமராஜர் தேடிவந்த கதை வரும், காய வேண்டிய வேட்டி வரும், கைதட்டல் வரும். பகத் சிங்கின் எழுத்தைத் தமிழில் கொண்டுவந்ததற்காக அவர் சிறை சென்றது வருமா? ‘ஜனசக்தி’யையும் ‘தாமரை’யையும் நடத்த அவர் பட்ட பாடு வருமா? 1961-ல் கலை இலக்கியப் பெருமன்றத்தை ஏன் தொடங்கினார் என்பது வருமா? நல்லகண்ணுவைப் பற்றிப் பேசும்போது விருதுப் பணத்தைத் திருப்பிக் கொடுத்ததைச் சொல்வீர்கள். தாமிரபரணியில் மணல் அள்ளுவதை எதிர்த்து எண்பது வயதைத் தாண்டிய பிறகு மதுரை உயர் நீதிமன்றக் கிளையில் அவரே நின்று வாதாடி 2010-ல் தடை வாங்கினாரே, அதைச் சொல்வீர்களா? அந்த மணல் யாருடைய லாரியில் போனது என்று கேட்பீர்களா? சங்கரய்யா, 1964-ல் கட்சியின் தேசியக் குழுவிலிருந்து வெளியேறி, பிறகு மார்க்சிஸ்ட் கட்சியை உருவாக்கிய 32 பேரில் ஒருவர். அந்த வெளிநடப்பு சரியா தவறா என்று பேச உங்கள் வட்டத்தில் ஒருவருக்காவது தெம்பு இருக்கிறதா?

எளிமையைப் புகழ்வதற்கு யாருக்கும் காலணா செலவில்லை. அதனால்தான் எல்லோரும் புகழ்கிறார்கள். வீட்டு வேலைக்கு வரும் பெண்ணுக்கு மாதம் ஐந்நூறு ரூபாய் கூட்டிக் கொடுக்க மனம் வராதவர்கூட ஜீவாவின் குடிசைக் கதையைக் கண்ணீரோடு பகிர்கிறார். சங்கம் வைத்தவனை வேலையை விட்டு நிறுத்திய முதலாளியும் பகிர்கிறார். ஜீவா கேட்டதைப் பற்றிப் பேச்சு வந்தால் இவர்கள் எழுந்து போய்விடுவார்கள், ஜீவாவின் வேட்டியைப் பற்றி மட்டும் பேசினால் உட்கார்ந்து கேட்பார்கள். ஒரு போராளியைத் துறவியாக்கிவிட்டால் அவரைக் கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடலாம், அவர் வைத்த கோரிக்கைக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. உங்களைப் போன்ற நல்ல பிள்ளைகள் விவரம் தெரியாமல் அந்த வேலையைச் செய்துகொடுக்கிறீர்கள். அதுதான் என் வருத்தம்.

எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் சேலத்து மாக்னசைட் சுரங்கத் தொழிலாளி ஒருவர். சேர்வராயன் மலையின் அடிவாரத்தில், ஊருக்கும் மலைக்கும் நடுவே வெளுத்துக் கிடக்கும் அந்தக் கரடுகளை நீங்கள் தினமும் பார்த்திருப்பீர்கள். வெள்ளைக்கல் என்றுதான் ஊரில் சொல்வார்கள். ஆண்கள் வெட்ட, பெண்கள் சிறு சுத்தியலால் தட்டித்தட்டி மண்ணையும் கழிவையும் நீக்குவார்கள். சூளையில் சுட்ட பிறகு அது உலைச் செங்கல்லாகி எஃகு ஆலைகளுக்குப் போகும், கொதிக்கும் இரும்பைத் தாங்கும் உட்சுவராக நிற்கும்.

என் அப்பா கோர்ட்டுக்கு வெளியே மரத்தடியில் மனு எழுதிக் கொடுப்பவர். அந்தத் தொழிலாளி ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வருவார். நாங்கள் பெரியப்பா என்று கூப்பிடுவோம். மஞ்சள் பையிலிருந்து சந்தா ரசீதுப் புத்தகம், கூலிச் சீட்டுகள், கம்பெனியின் ஆண்டுக் கணக்கு அறிக்கை எல்லாவற்றையும் எடுத்துத் திண்ணையில் பரப்புவார். அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கும். அவருக்கு ஆங்கிலம் தெரியாது, ஆனால் எந்தப் பக்கத்தில் எந்த வரி இருக்கும் என்று தெரியும். இயந்திரங்கள் பழசாவதற்காகக் கணக்கில் கழிக்கும் தேய்மானம் என்ற வரிக்கு நேராக விரலை வைத்து, போன வருடம் என்ன, இந்த வருடம் என்ன என்று அப்பாவைக் கேட்பார். அந்த விரலின் நகக்கண்ணில் எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் போகாத வெள்ளைத் தூள் இருக்கும். தேய்மானத்தை ஏற்றிக் காட்டினால் லாபம் குறையும், லாபம் குறைந்தால் போனஸ் குறையும். 1965-ஆம் வருடத்துப் போனஸ் சட்டம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். குறைந்தபட்சம் 4 சதவீதமாக இருந்தது 8.33 சதவீதமாக ஆனதை அவர் விவரித்தால் ஒரு யுத்தத்தைச் சொல்வது போல இருக்கும்.

ஒருமுறை சங்கப் பேச்சுவார்த்தைக்காக வெளியூரிலிருந்து ஒரு தலைவர் காரில் வந்து இறங்கினார். சலவைச் சட்டை, கையில் கடிகாரம். இளம் தொழிலாளிகள் சிலர் முகம் சுளித்தார்கள். அன்று மாலை எங்கள் திண்ணையில் பெரியப்பா அவர்களைப் பிடித்து விளாசினார். “கிழிந்த சட்டைத் தலைவர் எனக்கு எதற்கடா? கிழிந்த சட்டை என்னிடமே இருக்கிறது. அவர் வந்த காரைப் பார்க்காதே. பேச்சுவார்த்தை மேஜையில் எந்தப் பக்கம் உட்கார்ந்தார், எதை விட்டுக்கொடுத்தார், எதை வாங்கினார் என்று பார்.” நான் அப்போது பள்ளிக்கூடப் பையன். கம்யூனிஸ்ட் தலைவர்களை எடைபோட அதைவிடச் சரியான வழியை இன்றுவரை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை.

அந்த வழியில் மோகன் குமாரமங்கலத்தைப் பார்ப்போம்.

அவர் 1960-களின் பிற்பகுதியில் கம்யூனிஸ்ட் கட்சியை விட்டுக் காங்கிரஸுக்குப் போனார். காங்கிரஸுக்குள் போய் அதை இடப்பக்கம் இழுக்க வேண்டும் என்ற வாதம் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. 1971-ல் புதுச்சேரியில் வென்று எஃகு, சுரங்கத் துறை அமைச்சரானார். பதவி கிடைத்ததும் என்ன செய்தார்?

அன்றைய நிலக்கரிச் சுரங்கங்களை நினைத்துப் பாருங்கள். அன்றைய பிகாரின் ஜாரியாவிலும் வங்கத்து ராணிகஞ்சிலும் நூற்றுக்கணக்கான தனியார் முதலாளிகள். சுலபமாகக் கிடைக்கும் கரியை மட்டும் சுரண்டிக்கொண்டு சுரங்கத்தைத் தீப்பிடிக்கவும் சரியவும் விட்டுவிட்டுப் போவார்கள். அரசு அமைத்த கூலிக் குழு சொன்ன கூலியைக் கொடுக்க மாட்டார்கள். ஆள்பிடிக்கும் காண்டிராக்டரும் வட்டிக்காரனும் தொழிலாளியின் கூலியை வாசலிலேயே பறித்துக்கொள்வார்கள். 1971 அக்டோபரில் உருக்காலைக்கு உதவும் கற்கரிச் சுரங்கங்களின் நிர்வாகத்தை அரசு எடுத்துக்கொண்டது, 1972 மே 1 அன்று அவை நாட்டுடைமையாயின. 1973 ஜனவரி இறுதியில் மற்ற சுரங்கங்கள். அவற்றில் 711 சுரங்கங்கள் 1973 மே 1 முதல் நாட்டின் சொத்தாயின. பொதுத்துறை எஃகு நிறுவனங்களை ஒரே குடையின் கீழ்க் கொண்டுவந்த இந்திய எஃகு ஆணையம் அதே 1973 ஜனவரியில் உருவானது. நிறைய பேர் மேடையில் கேட்டதை இவர் சட்டமாக எழுதி, நாடாளுமன்றத்தில் நிறைவேற்றி, சுரங்க வாசலில் அரசின் பூட்டைப் போட்டார்.

பூட்டைப் போட்டதால் எல்லாம் சரியாகிவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1975 டிசம்பரில் சாஸ்நாலா சுரங்கத்தில் வெள்ளம் புகுந்து 370-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அது அரசின் கையில் இருந்த சுரங்கம். ஆனாலும் கேட்கிறேன், சுரங்கத்துக்குள் கூடையோடு இறங்கிய அந்தத் தொழிலாளிக்கு, அமைச்சர் எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தார் என்பது பொருட்டாக இருந்திருக்குமா?

சேலம் உருக்காலையை நீங்கள் கடிதத்தில் குறிப்பிடவே இல்லை. அதற்காக 1967-ல் அண்ணா எழுச்சி நாள் நடத்தினார், 1970 செப்டம்பரில் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். கஞ்சமலை இரும்பையும் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியையும் நம்பிப் போட்ட திட்டம் கடைசியில் துருப்பிடிக்காத எஃகைத் தகடாக்கும் ஆலையாகச் சுருங்கியது. பிற்காலத்தில் அதைத் தனியாருக்கு விற்க முயன்றபோது வாசலில் உட்கார்ந்து போராடியவர்கள் அதன் தொழிலாளர்கள். அது தனியாக ஒரு கட்டுரைக்கு உரிய விஷயம், இங்கே விட்டுவிடுகிறேன்.

இப்போது உங்கள் நண்பர் கேட்டிருக்க வேண்டிய கேள்விக்கு வருகிறேன். மோகன் குமாரமங்கலத்தின் மீது எனக்குக் கோபம் உண்டு. அந்தக் கோபம் ஈட்டனைப் பற்றியதில்லை.

1973 ஏப்ரல் 24 அன்று கேசவானந்த பாரதி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை நாடாளுமன்றத்தால்கூட மாற்ற முடியாது என்றது. ஓரிரு நாளில் ஷெலத், ஹெக்டே, குரோவர் என்ற மூன்று மூத்த நீதிபதிகளைத் தாண்டி ஏ.என். ரே தலைமை நீதிபதியாக்கப்பட்டார். மூவரும் பதவி விலகினார்கள். மக்களவையில் எழுந்து அந்த நியமனத்தை மிகுந்த திறமையோடு நியாயப்படுத்தியவர் மோகன் குமாரமங்கலம். தலைமை நீதிபதியைத் தேர்ந்தெடுக்கும்போது அவருடைய சமூகப் பார்வை என்ன, தத்துவம் என்ன என்று பார்க்க அரசுக்கு உரிமை உண்டு என்பது அவருடைய வாதம். வங்கிகளை நாட்டுடைமையாக்கிய சட்டத்தையும் மன்னர் மானிய ஒழிப்பையும் நீதிமன்றம் முறியடித்திருந்த காலம் அது. அவருடைய எரிச்சல் எனக்குப் புரிகிறது. வாதத்தை ஏற்க முடியவில்லை.

தேதிகளைப் பாருங்கள். நீதிபதிகள் விவகாரம் ஏப்ரல் கடைசி வாரம். 711 சுரங்கங்கள் நாட்டுடைமையானது மே 1. அவர் பொதுவாழ்வில் செய்ததிலேயே மிகப் பெரிய நன்மையும் மிகப் பெரிய தீங்கும் ஒரே வாரத்தில் நடந்தன. அந்த மாதம் முடிவதற்குள் அவர் இல்லை. ‘எளிமையின் சிகரங்கள்’ என்ற தலைப்பில் இந்த வாரத்தை எங்கே வைப்பீர்கள்?

அதை ஏன் தீங்கு என்கிறேன் என்று ஒரு சேலத்துக்காரருக்கு நான் விளக்க வேண்டியிருப்பதே வருத்தமாக இருக்கிறது. ஏற்காட்டுக்குப் போகும் பஸ்ஸில் அஸ்தம்பட்டியைத் தாண்டும்போது மத்திய சிறையை எத்தனையோ முறை கடந்திருப்பீர்கள். 1950 பிப்ரவரி 11 அன்று அந்தச் சிறைக்குள் கம்யூனிஸ்ட் கைதிகள் மீது போலீசார் சுட்டார்கள். 22 பேர் செத்தார்கள். இந்தியா குடியரசாகி இரண்டு வாரம் கடந்திருந்தது, அவ்வளவுதான். இறந்தவர்களில் பெரும்பாலோர் மலபாரின் விவசாயிகள். மலபார் அப்போது சென்னை மாகாணத்தில் இருந்ததால் அவர்களை இங்கே கொண்டுவந்து அடைத்திருந்தார்கள். 1946 டிசம்பரில் காவும்பாயி மலைச்சரிவில் காட்டை வெட்டி எரித்துப் பயிரிடும் புனம் சாகுபடி உரிமைக்காக ஜமீனையும் போலீசையும் எதிர்த்து நின்ற தளியன் ராமன் நம்பியாரும் ஓ.பி. அனந்தன் மாஸ்டரும் இங்கேதான் குண்டடிபட்டுச் செத்தார்கள்.

அவர்கள் கேட்டது என்ன? எங்களை அரசியல் கைதிகளாக நடத்துங்கள், குற்றவாளி என்ற அடையாளத்தை எங்கள் மேல் மாட்டாதீர்கள். இவ்வளவுதான். பெரியப்பா இதை அழுத்திச் சொல்வார். பிப்ரவரி 11 வந்தால் தியாகிகளுக்கு வீரவணக்கம் என்று முழங்குகிறார்கள், அவர்கள் கேட்டதைச் சொல்லிவிட்டு முழங்குங்கள் என்று கூட்டத்தின் நடுவிலேயே எழுந்து சத்தம் போடுவார். அவருடைய குரலைக் கேட்டு மேடையில் இருப்பவர்கள் சங்கடப்படுவதை நான் பார்த்திருக்கிறேன். அவர் உட்கார மாட்டார். யாராவது அந்தக் கோரிக்கையைச் சொன்ன பிறகுதான் உட்காருவார்.

அதே 1950 பிப்ரவரியில்தான் தடுப்புக்காவல் சட்டம் வந்தது. விசாரணையில்லாமல் சிறையில் வைக்கப்பட்டிருந்த கேரளக் கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 1950 மே 19 அன்று, அந்தச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பு வந்தது. காவலில் வைத்த காரணத்தை நீதிமன்றத்தில்கூட வெளியிடக் கூடாது என்ற 14-ஆவது பிரிவு மட்டும் ரத்தானது. தனிமனித சுதந்திரத்தைப் பற்றி நம் உச்ச நீதிமன்றம் பேசிய முதல் பெரிய வழக்கு ஒரு கம்யூனிஸ்டின் வழக்கு, எஸ். சுதந்திரமான நீதிபதி ஒருவர் எதற்கு வேண்டும் என்பதைக் கம்யூனிஸ்டுகள் சிறைக்குள் உட்கார்ந்து கற்றார்கள். அந்த இயக்கத்தில் வளர்ந்தவர், வக்கீல், தானே சிறை சென்றவர், அரசுக்குப் பிடித்த பார்வை உள்ளவரைத் தலைமை நீதிபதியாக்கலாம் என்று வாதாடலாமா?

அதன் விளைவைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை. 1975-ல் நெருக்கடி நிலை வந்தது. ஆயிரக்கணக்கானோர் விசாரணையின்றி அடைக்கப்பட்டார்கள். ஆட்கொணர்வு மனு போட அவர்களுக்கு உரிமை உண்டா என்ற கேள்வி உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வுக்குத் தலைமை வகித்தவர் அதே ஏ.என். ரே. 1976 ஏப்ரல் 28 அன்று நான்கு பேர் உரிமை இல்லை என்றார்கள். எச்.ஆர். கன்னா ஒருவர் மட்டும் உண்டு என்றார், அவருக்கு வர வேண்டிய தலைமை நீதிபதி பதவி வராமல் போனது. மோகன் உயிரோடு இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நான் கற்பனை செய்யப் போவதில்லை. அவர் மக்களவையில் எந்தக் கதவுக்காக வாதாடினாரோ அந்தக் கதவு வழியாகத்தான் இது வந்தது என்பதை மட்டும் சொல்கிறேன்.

அவருடைய பழைய கட்சி நெருக்கடி நிலையை ஆதரித்தது, பிறகு அது தவறு என்று ஒப்புக்கொண்டது. மார்க்சிஸ்ட் கட்சி எதிர்த்தது. 1975 ஜூலையில் மக்களவையில் எழுந்து நின்று நெருக்கடி நிலையைக் கண்டித்துப் பேசியவர்களில் ஏ.கே. கோபாலன் ஒருவர். 1950-ல் வழக்குப் போட்ட அதே கோபாலன். கால் நூற்றாண்டு கழித்தும் அந்த மனிதர் மறக்கவில்லை. கோபாலனின் எளிமையைப் பற்றியும் கதைகள் உண்டு. எனக்கு அவை வேண்டாம், அந்த ஒரு பேச்சு போதும்.

உண்மையான கம்யூனிஸ்டா என்று கேட்டிருந்தீர்கள். யாருக்கும் அந்தச் சான்றிதழை எழுதிக்கொடுக்கும் அதிகாரம் எனக்கு இல்லை. சுரங்கங்களைப் பற்றி ஒருவர் பேசட்டும், நீதிபதிகளைப் பற்றி இன்னொருவர் பேசட்டும், உங்கள் மூத்த நண்பரே இரண்டாவதைப் பேசட்டும். அவருடைய கோபம் வீணாகப் போக வேண்டாம், நல்ல இடத்தில் செலவாகட்டும்.

இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். உங்கள் பட்டியலில் ஒரு பெண்கூட இல்லையே, ஏன்? மோகனின் பெயர் நினைவுக்கு வந்த உங்களுக்கு அவருடைய தங்கையின் பெயர் வரவில்லையா? பார்வதி கிருஷ்ணன் ஆக்ஸ்போர்டில் படித்தார், கட்சித் தோழரான என்.கே. கிருஷ்ணனை மணந்துகொண்டார், கோவைப் பஞ்சாலைத் தொழிலாளர்களிடையே தொழிற்சங்க வேலை செய்தார். 1954-ல் மாநிலங்களவை, 1957-ல் கோவையிலிருந்து மக்களவை, பிறகு 1974, 1977. அண்ணன் கட்சியை விட்டுப் போனார், தங்கை போகவில்லை. 2014-ல் இறக்கும்வரை இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சிதான். அதே ஜமீன், அதே வீடு, அதே இங்கிலாந்துப் படிப்பு. பிறப்பை வைத்து ஒருவரின் அரசியலை முடிவுசெய்துவிடலாம் என்ற உங்கள் நண்பரின் வாதம் இந்த அண்ணன் தங்கையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே நிற்காது. அவர்களுடைய அம்மா ராதாபாய் சுப்பராயன் வட்டமேஜை மாநாட்டுக்குப் போனவர், 1938-ல் மத்திய மேலவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண். வீட்டுப் பெருமையை அப்பா பெயரிலேயே எழுதிப் பழகிவிட்டோம்.

கோபமாக எழுதிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். இந்தக் காலத்தில் அம்மாபேட்டையில் உட்கார்ந்து கம்யூனிஸ்ட் தலைவர்களைப் பற்றிப் பேச ஆள் சேர்க்கும் உங்களைப் போன்றவர்களை எனக்கு மிகவும் பிடிக்கும், அதனால்தான் இவ்வளவு நீளம்.

கூட்டத்துக்கு முன் இரண்டு வேலை செய்யுங்கள். மக்களவை விவாதங்கள் இணையத்தில் இருக்கின்றன. 1973 மே முதல் வாரத்தில் மோகன் பேசியதை முழுக்கப் படியுங்கள், யாரோ எடுத்துப் போட்ட இரண்டு வரியை நம்பாதீர்கள். படித்த பிறகு நான் சொன்னது தவறு என்று பட்டால் எழுதுங்கள், வெளியிடுகிறேன். அடுத்து, சிறையில் இறந்த 22 பேரின் பெயர்ப் பட்டியலை ஊரோடு சேர்த்துத் தயார்செய்யுங்கள். கண்ணூர்ப் பக்கத்துக் கட்சி அலுவலகங்களில் கேட்டால் கொடுப்பார்கள். மலையாளப் பெயர்களைத் தமிழில் எழுதும்போது எழுத்துப் பிழை வராமல் அங்கே இருக்கும் ஒருவரிடம் காட்டித் திருத்தி வாங்குங்கள். கூட்டத் தேதியைத் தெரிவியுங்கள், உடம்பு இடம் கொடுத்தால் வருகிறேன்.

அன்புடன்.